புள்ளிகளுக்குள் இருந்த யானை

எதிரில் வருவது ஒரு பைக்கா இரண்டு பைக்கா என்று உங்களுக்குச் சந்தேகம் வந்தால், தூக்கம் போதவில்லை என்று சொல்லி முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போகாதீர்கள். நான் போனேன். பொம்மிடி ஸ்டேஷன் ரோட்டில் அன்று காலை இரண்டு பைக்குகள் ஜோடியாக வந்தன. இரண்டுக்கும் வழிவிடுகிறேன் பேர்வழி என்று ஒதுங்கி ஒதுங்கி, சாக்கடைக்குள் காலை விட்டேன். என்னைக் கடந்து போனது ஒரே ஒரு பைக். ஓட்டிவந்தவர் நிறுத்தி, "ஏங்க, இவ்ளோ எடம் சும்மா கெடக்குது, அங்க ஏன் போயி வுழறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

என் பெயர் ஜெசிந்தா. சின்ன லேப் ஒன்றில் ரத்தம் எடுப்பது என் வேலை. ஊரில் பாதிப் பேருக்கு முழங்கை மடிப்பில் ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முகம் மறந்து போகும், கை மறக்காது. பச்சைக் குழந்தைக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்றால் பக்கத்து ஊர் கிளினிக்கில் இருந்துகூட "அந்தக்கா இருக்காங்களா?" என்று கேட்டு அனுப்புவார்கள். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். என்னிடம் பெருமைப்பட இருந்தது அது ஒன்றுதான்.

சாக்கடைக் காலைக் கழுவிக்கொண்டு லேபில் உட்கார்ந்தேன். முதலில் வந்தவர் வெறும் வயிற்றோடு சர்க்கரை பார்க்க வந்த ஒரு பெரியம்மா. கையைக் கட்டி, தட்டிப் பார்த்தால், அவர் கையில் குழாய் இரண்டாக ஓடியது. என் கையிலும் இரண்டு ஊசி. எந்த ஊசியை எந்தக் குழாயில் விடுவது? ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் குத்தினேன். ரத்தம் வரவில்லை. "ஐயோ ஆத்தா! கண்ண எங்க வெச்சிருக்கற நீ?" என்று அந்தம்மா அலறினார். நியாயமான கேள்வி. லேப் நடத்துகிற வசந்தி அக்கா ஓடிவந்து என் முகத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். என் இடது கண் மூக்கைப் பார்த்துத் திரும்பிக் கிடந்ததாம்.

என்னை உட்கார வைத்து அவரே என் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார். சர்க்கரை எங்கேயோ போய் நின்றது. இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் சர்க்கரை பார்த்த நான் எனக்கு ஒருமுறையும் பார்த்ததில்லை. அதற்காக என்னைத் திட்ட அப்புறம் நிறையப் பேர் வந்தார்கள், அதனால் என்னை நானே வேறு திட்டிக்கொள்ளவில்லை.

என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் தக்காளித் தோட்டத்தில் இருந்து அப்படியே வந்தார். பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய கூடைகள் வரப்பிலேயே கிடந்தன. காலில் சேறு. என் கண்ணைப் பார்த்தார், அடுத்த நொடி வேறு பக்கம் பார்த்தார். "ஒண்ணுமில்ல ஜெசி, தூசி கீசி வுழுந்திருக்கும்" என்றார். தூசி விழுந்தால் கண் மூக்கைப் பார்க்குமா? ஆனால் அவருக்கு அந்த நேரத்தில் தூசிதான் வேண்டியிருந்தது, நானும் சரி என்றேன்.

தர்மபுரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டரம்மா விரலை நீட்டி, "தலையத் திருப்பாம இதையே பாருங்க" என்றார். விரல் இடது பக்கம் போனது. வலது கண் கூடவே போனது, இடது கண் பாதி வழியில் நின்றுவிட்டது. நான் பார்த்துப் பார்த்து முக்கினேன். அது நகரவே இல்லை.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றன. கண்ணை வெளிப்பக்கமாக இழுக்கும் தசைக்கு மூளையில் இருந்து தனியாக ஒரு நரம்பு வருகிறது. மூளையில் இருந்து புறப்படும் நரம்புகளில் அது ஆறாவது. நம் ஊரில் ரத்தக்குழாயையும் நரம்பு என்றுதான் சொல்வோம். இது அது இல்லை, இது கட்டளை கொண்டுபோகும் நரம்பு. சர்க்கரை அதிகமாகி, அந்த நரம்புக்குச் சாப்பாடு கொண்டுபோகும் மெல்லிய குழாய் அடைத்துக்கொண்டால் நரம்பு படுத்துவிடும். தசை இழுக்காது. கண் உள்பக்கம் சாய்ந்துவிடும். இரண்டு கண்ணும் இரண்டு பக்கம் பார்ப்பதால் எல்லாமே இரண்டாகத் தெரியும்.

"இது சர்க்கரையால வந்ததா இருந்தா சில மாசத்துல தானா சரியாயிடும்" என்றார் டாக்டரம்மா.

"இல்லைன்னா?" என்று கேட்டேன். லேபில் வேலை செய்பவளிடம் 'இருந்தா' என்று ஆரம்பித்தால் 'இல்லைன்னா' என்று கேட்காமல் இருப்பாளா?

"மூளையில கட்டி எதாவது அழுத்துதான்னு பாத்துடலாம். ஸ்கேன் எடுத்துக்குங்க."

ஸ்கேனுக்குக் காத்திருந்த அந்த வராந்தாவைப் பற்றி மட்டும் நான் யாரிடமும் விரும்பிச் சொல்வதில்லை. கல்லூரி விடுதியில் இருக்கும் மகளுக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று நானும் அவரும் மாற்றி மாற்றிப் பேசினோம். காப்பீட்டு அட்டை செல்லுமா செல்லாதா என்று அவர் இரண்டு கவுன்ட்டருக்கும் நடந்தார். செல்லும் என்று தெரிந்த சந்தோஷத்தில் எனக்கு ஒரு தேங்காய் பன் வாங்கிவந்தார். சர்க்கரைக்குப் படுத்திருப்பவளுக்குத் தேங்காய் பன்! பக்கத்தில் இருந்த நர்ஸ் பார்த்த பார்வையில், அதை அவரே இரண்டு வாயில் போட்டு முழுங்கிவிட்டார். அந்த வராந்தாவில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஸ்கேன் எந்திரத்துக்குள் போர்வெல் லாரிக்கு அடியில் படுத்த மாதிரி சத்தம். கட்டி இல்லை என்று சொன்னபோது நான் அழவில்லை. அவர்தான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "வேர்க்குது, வேர்க்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வார்டில் இன்சுலின் போட்டுச் சர்க்கரையை இறக்கினார்கள். தினமும் காலையில் ஒரு நர்ஸ் வந்து எனக்கு ரத்தம் எடுப்பார். சுருக்கென்று ஒரே குத்து, பூப்போல எடுத்துவிடுவார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. உயிர் பயம் போனபிறகு அந்த இடத்தில் வேறு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நான் இனிமேல் ஊசி பிடிப்பேனா? குழந்தையின் கையைக் கொண்டுவந்து நீட்டினால் எடுப்பேனா? இதை யாரிடமும் கேட்கவில்லை, பதில் என்னவாக இருக்குமோ என்று பயம்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு கண்ணை மாற்றி மாற்றிப் பஞ்சால் மூடச் சொன்னார்கள். மூடினால் ஒன்றுதான் தெரியும், நல்லதுதான். ஆனால் ஒற்றைக் கண்ணோடு வாழ்ந்து பார்த்தால்தான் இன்னொரு கண் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று தெரிகிறது. டம்ளரில் ஊற்றிய டீ டம்ளருக்கு முன்னால் விழுந்தது. கடைசிப் படி முடிந்துவிட்டது என்று காலை வைத்தால் இன்னொரு படி இருந்தது. நீங்களும் செய்து பாருங்கள்: ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பேனாவை ஒரு கையிலும் மூடியை ஒரு கையிலும் பக்கவாட்டில் நீட்டி, மூடியைப் பொருத்துங்கள். நம் இரண்டு கண்ணும் ஒரே பொருளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்று பார்க்கின்றன. அந்த இரண்டு படத்துக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான், எது முன்னால் எது பின்னால் என்று மூளை கணக்குப் போடுகிறது. ஊசி தோலுக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் கணக்குதான்.

ஆரோக்கியம் படிகளின் விளிம்புக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார். வெளியே போனால் என் இடது பக்கமாகவே நடந்தார், அந்தப் பக்கம்தான் எனக்கு மோசம் என்பதால். சமையலையும் அவரே பார்த்துக்கொண்டார், ரசம் என்று அவர் வைத்ததைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. ஒருநாள் மதியம் பார்க்கிறேன், அவரும் ஒரு கண்ணில் பஞ்சை ஒட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். குழம்பு கரண்டி தட்டுக்கு வெளியே போய்க் கவிழ்ந்தது. "இப்படித்தான் இருக்குதா உனக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம் தரையைத் துடைத்தார்.

அதன் பிறகு தர்மபுரியில் ஒரு கண் மருத்துவமனைக்கு மாதத்துக்கு ஒருதரம் வரச் சொன்னார்கள். அங்கே கண்ணின் ஓட்டத்தைப் பரிசோதிக்க நந்தினி என்று ஒரு பெண் இருந்தாள். சின்ன வயதுதான், ஆனால் குரலில் ஹெட்மிஸ்ட்ரஸ். ஒரு கறுப்புக் கண்ணாடியை எனக்கு மாட்டி, ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தாள். பக்கம் முழுக்கச் சாம்பல் நிறப் புள்ளிகள். மணலை வாரி இறைத்த மாதிரி, வேறு எதுவும் இல்லை.

"இதுக்குள்ள ஒரு படம் ஒளிஞ்சிருக்கு அக்கா. என்னன்னு சொல்லுங்க."

"வெறும் புள்ளிதாம்மா இருக்குது."

"ரெண்டு கண்ணும் சேந்து வேலை செஞ்சாத்தான் தெரியும். ஒரு கண்ணால எவ்ளோ நேரம் பாத்தாலும் தெரியாது. வலது கண்ணுக்குப் போற படத்துலயும் அது இல்ல, இடது கண்ணுக்குப் போற படத்துலயும் இல்ல. ரெண்டையும் மூளை ஒண்ணாச் சேக்கும்போதுதான் அது எந்திரிச்சு வெளிய வரும்."

பார்த்தேன், பார்த்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை பார்த்தேன். புள்ளி புள்ளியாகவே இருந்தது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அதைத்தான் நான் அந்த பெஞ்சில் செய்திருக்கக் கூடாது.

ஏனென்றால் எங்கள் மாவட்டத்து ஜனங்களின் குணம் உங்களுக்குத் தெரியாது. ரேஷன் கடையில் இருந்து வருகிறவர் எதிரில் போகிறவரிடம், கேட்காமலேயே, "பருப்பு இருக்குது, பாமாயில் தீந்துபோச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். ஒருவருக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியாமல் இருப்பதை எங்களால் தாங்க முடியாது. அந்த பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவர் கோவிந்தன், பாலக்கோடு மார்க்கெட்டில் இருந்து தக்காளி ஏற்றிப்போகும் லாரி டிரைவர். அவருக்கும் அடிபட்டதில் இரட்டைப் பார்வை, குணமாகிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் பென்னாகரத்தில் இருந்து வந்த ரத்னம்மா, வீட்டில் கன்னடம் பேசுகிறவர். ஆரோக்கியம் நடந்ததைச் சொன்னதும் கோவிந்தன் கொதித்துவிட்டார்.

"அட, இதுக்குப் போயி அழுவறாங்களா? என்னைக் கேட்டா சொல்ல மாட்டனா? மொதப் பக்கம் யானை. ரெண்டாவது காரு. மூணாவது நட்சத்திரம்."

"நோடம்மா, இங்க பாரு, யானைய விட்டுடாத, அதான் முக்கியம்" என்றார் ரத்னம்மா. ஆரோக்கியம் சிரத்தையாகக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த மாதம் பஸ்ஸில் போகும்போது என் காதில் ஜெபம் சொல்வதுபோல் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். "யானை, காரு, நட்சத்திரம். எங்க, சொல்லு." நான் சும்மா இருங்கள் என்று அதட்டினேன். ஆனால் காதில் விழுந்தது விழுந்ததுதானே? நந்தினி புத்தகத்தைப் பிரித்ததும், என்னை அறியாமல், "யானை" என்றேன். பொய் சொல்லவில்லை. சத்தியமாக அங்கே யானை மாதிரி ஏதோ இருந்தது, இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"ரொம்ப சந்தோஷம் அக்கா" என்றாள் நந்தினி. "தும்பிக்கை எந்தப் பக்கம் இருக்கு?"

தும்பிக்கையைப் பற்றி பெஞ்சில் யாரும் பேசவில்லை. என் பார்வை தானாகக் கதவுப் பக்கம் போனது. அங்கே கதவிடுக்கில் நின்றுகொண்டு ஆரோக்கியம் தன் வலது கையை மெதுவாக, தும்பிக்கை மாதிரி, ஆட்டிக்கொண்டிருந்தார். நந்தினியும் பார்த்தாள்.

"வாங்க அண்ணா, உள்ளயே வாங்க" என்றாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "காலையில இருந்து வர்ற எல்லாருக்கும் யானை தெரியுது. பயிற்சிக்கு வந்த பொண்ணு தெரியாம ஒரு பெரியவருக்கு இந்தப் புத்தகத்தைக் காட்டிட்டா. அவருக்கு ஒரு கண்ணு பீங்கான் கண்ணு. அவரும் யானைன்னு சொல்லிட்டுப் போறாரு!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நந்தினிக்கும் வந்தது, அடக்கிக்கொண்டாள். அப்புறம் என்னிடம் குனிந்து, தணிந்த குரலில் கேட்டாள்: "நீங்க லேப்ல இருக்கறவங்க. ஒருத்தர் டீ குடிச்சிட்டு வந்து, வெறும் வயிறுன்னு சொன்னா, அந்த ரிப்போர்ட்ட வெச்சு என்னக்கா பண்ணுவீங்க?"

சிரிப்பு அங்கேயே நின்றது. அவள் கேட்டதைவிடப் பெரிய விஷயம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்குத் தெரிந்தது என் கண் பார்த்ததா, கோவிந்தன் சொன்னதா? இனிமேல் அந்தப் புத்தகத்தில் எத்தனை தரம் யானையைப் பார்த்தாலும் எனக்கே நம்பிக்கை வராது. கண் கொஞ்சம் கொஞ்சமாக நேராகிக்கொண்டுதான் வந்தது, எதிரே பார்த்தால் எல்லாம் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்துவிட்டனவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் புத்தகம்தான், அதையும் நாங்களே லஞ்சம் கொடுத்த மாதிரி கெடுத்துவிட்டோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரைப் பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்கினேன். "உங்கள யாரு கேட்டது? நான் பாஸ் பண்ணவா போறேன் அங்க? எனக்குக் கண்ணு தெரியுதா இல்லையான்னு தெரியணும். நாளைக்கு ஒரு கொழந்த கையில தப்பாக் குத்துனா, நீங்க கதவுல நின்னு கைய ஆட்டுவீங்களா?" முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இன்னும் நாலு வார்த்தை சொன்னேன்.

அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கடைசியில், "நீ அந்த பெஞ்சுல அழுத பாரு," என்றார், "அத இன்னொருக்கா பாக்க முடியாது ஜெசி என்னால. அதுக்கோசரந்தான்." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்த மனுஷனைக் கோபித்துக்கொண்டு முழுசாக ஒரு பயணம் போக முடிந்ததில்லை எனக்கு.

அடுத்த முறை நந்தினி புத்தகத்தை எடுக்கவே இல்லை. ஒரு கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, ஒரு பக்கம் சிவப்பும் ஒரு பக்கம் நீலமுமாக இருந்த கண்ணாடியை மாட்டினாள். "இதுல ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டரே புதுசு புதுசாப் போடும். என்ன வரும்னு எனக்கே முன்கூட்டித் தெரியாது. அண்ணா, நீங்களும் வந்து பக்கத்துல உக்காருங்க. முடிஞ்சா சொல்லிக் குடுங்க" என்றாள். கிண்டல்தான். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வெளியே பெஞ்சில் கோவிந்தனும் ரத்னம்மாவும் உதவி செய்ய வழியில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

திரை முழுக்கச் சிவப்புப் புள்ளியும் நீலப் புள்ளியும் கொதித்தன. ஒன்றும் இல்லை. இல்லை என்றால் இல்லை என்றே சொல்லிவிடுவது, இந்த முறை எதையும் ஊகிப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். புள்ளிகள் கொஞ்சம் அமைதியானது போலிருந்தது. பிறகு நடுவில் ஏதோ லேசாக உப்பியது. சப்பாத்திக் கல்லில் சப்பாத்தி எழும்புகிற மாதிரி, மெதுவாக, திரையை விட்டு என் பக்கம் வந்தது. ஒரு வளையம். ஒரு பக்கம் மட்டும் வெட்டி எடுத்திருந்தது.

"வளையம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "வளையம். வலது பக்கம் வாய் தொறந்திருக்குது."

நந்தினி பட்டனைத் தட்டினாள். "இப்ப?"

"மேல தொறந்திருக்குது."

"இப்ப?"

"இடது. நந்தினி, அது முன்னாடி வருது, தொடலாம்போல இருக்குது."

ஆரோக்கியம் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் கிட்டே போனார். "எங்க இருக்குது? ஒண்ணுமே இல்லியே, வெறும் புள்ளிதான இருக்குது?" என்றார். அவர் குரலில் இருந்த ஏக்கத்தைக் கேட்டதும் நான் உடைந்துபோய் அழுதேன். அவர் பதறி எழுந்தார். "தெரியுதுங்க" என்றேன், "எனக்குத் தெரியுது. யாரும் சொல்லாம தெரியுது." நந்தினி கண்ணாடியைக் கழற்றி அவருக்கு மாட்டினாள். "யப்பா!" என்று கையை நீட்டிக் காற்றைப் பிடித்துப் பார்த்தார்.

வேலைக்குப் போகலாம், முதலில் பெரியவர்களுக்கு எடுங்கள், குழந்தைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். ஆனால் திரை வேறு, கை வேறு. திரையில் தப்பாகச் சொன்னால் யாருக்கும் வலிக்காது. லேபில் என் பழைய ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன், ஆனால் ஊசியைத் தொடவில்லை. "நான் கூட நிக்கறேன் ஜெசி, மொதல்ல யாராவது தெரிஞ்சவங்க வரட்டும்" என்றார் வசந்தி அக்கா.

வந்தது ஆரோக்கியம். தோட்டத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். கல்யாணமான நாளில் இருந்து இந்த மனுஷன் என்னிடம் ஒரு சொட்டு ரத்தம் கொடுத்ததில்லை. ஊசி என்றால் அவ்வளவு பயம். மகளுக்குத் தடுப்பூசி போடும்போது மயங்கி விழுந்தவர் மகள் இல்லை, இவர்தான். இப்போது சட்டைக் கையை மடித்து, கையை மேஜையில் வைத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"எனக்கும் சக்கரை பாரு" என்றார்.

கையைக் கட்டினேன். தட்டினேன். குழாய் எழும்பி நின்றது, ஒன்றே ஒன்று. ஊசியைக் கொண்டுபோனேன். தோலுக்கும் ஊசிக்கும் நடுவில் இருந்த இடம் எனக்குத் தெரிந்தது, அது குறைந்துகொண்டே வருவதும் தெரிந்தது.

அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. உதடு எதையோ ஜெபித்துக்கொண்டிருந்தது. "சீக்கிரம் குத்திடு ஜெசி," என்றார், "எவ்ளோ நேரந்தான் இப்படியே புடிச்சிக்கினு உக்காந்திருக்கிறது?"

நான் ரத்தம் ஏறிய ஊசியை வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தினேன். "ஆச்சுங்க" என்றேன். "மடக்கிப் புடிச்சுக்கங்க."